சிறப்புக் கல்வி ஆசிரியராக வேண்டுமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலும் டிகிரி கடைசி செமஸ்டர் முடிந்த வாரத்திலும் என் போன் ஓயாது. கடலூர் மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக, அதாவது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாடம் சொல்பவராக, இருக்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர், தவளக்குப்பத்திலிருந்து ஒருவர், விருத்தாசலத்திலிருந்து ஒருவர் என்று கூப்பிட்டு, "அக்கா, ஸ்பெஷல் பி.எட். படிச்சா வேலை உறுதிதானே?" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பு, பதிவு, தகுதித் தேர்வு, பணி நியமனம் நான்கும் நான்கு தனிக் கவுண்டர்கள். ஒன்றில் வேலை முடிந்தால் அடுத்ததில் மறுபடியும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். வீணாகிப்போன வருடங்கள் என்று நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், இந்த நான்கையும் ஒன்றென்று நினைத்ததால் போனவை.

'சிறப்பாசிரியர்' வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறதே, நான் விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. தமிழ்நாட்டு அரசு வழக்கில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி சொல்லித்தருபவர். ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் 'சிறப்பாசிரியர்' என்று அறிவித்ததும் இவர்களுக்குத்தான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாடம் சொல்பவரை 'சிறப்புக் கல்வி ஆசிரியர்', 'சிறப்புப் பயிற்றுநர்' என்று எழுதுவார்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நெட் சென்டரில் பணம் கட்டி விண்ணப்பித்துவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அறிவிப்பில் 'கல்வித் தகுதி' என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

சாதாரண பி.எட்.டுக்கும் ஸ்பெஷல் பி.எட்.டுக்கும் என்ன வித்தியாசம்?

வீடு ஒன்று, சாவி இரண்டு. பொது ஆசிரியர் கல்வியைக் கவனிப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதற்கான சட்டம் 1993-இல் வந்தது. சிறப்புக் கல்வியைக் கவனிப்பது இந்திய மறுவாழ்வுக் குழுமம், ஆர்.சி.ஐ. அதன் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்தது. பேச்சு, கேட்டல் பயிற்சி தருபவர், மறுவாழ்வு உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் எனப் பல தொழில்களையும் ஒரே பதிவேட்டில் வைத்திருப்பது இந்தக் குழுமம்தான்.

சாதாரண பி.எட்.டிலும் உள்ளடக்கிய கல்வி (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சாதாரண வகுப்பிலேயே சேர்த்துச் சொல்லித்தருவது) பற்றி ஒரு தாள் உண்டு. அந்த ஒரு தாளை எழுதிவிட்டு "நானும் ஸ்பெஷல் எஜுகேட்டர்" என்று சொல்ல முடியாது. ஸ்பெஷல் பி.எட்.டில் பாடம் நடத்தும் முறையோடு ஒரு குறைபாட்டுப் பிரிவை ஆழமாகப் படித்து, சிறப்புப் பள்ளியிலும் சாதாரணப் பள்ளியிலும் பயிற்சி எடுக்க வேண்டும். மற்றப் பிரிவுக் குழந்தைகளோடும் சில வாரம் இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு சிறப்புக் கல்விப் பட்டயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசைப்பட்டால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். என்னோடு வேலை பார்ப்பவர்களில் கை பழகியவர்கள் பலர் பட்டயக்காரர்கள்தான்.

எந்தப் பிரிவை எடுப்பது? எதில் வேலை அதிகம்?

கேள்வியின் இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதிக்கு வாருங்கள். செவித்திறன், பார்வை, அறிவுசார் வளர்ச்சி, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு எனப் பிரிவுகள் இருக்கின்றன. 'எந்தக் கல்லூரியில் சீட்டு காலியாக இருக்கிறதோ அந்தப் பிரிவு' என்றுதான் பலர் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், அதிர்ஷ்டவசமாக எனக்கு ஒத்துப்போனது.

பார்வைப் பிரிவு எடுத்தால் பிரெய்ல் (தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) விரலுக்கு வர வேண்டும். ஆறு புள்ளிகள்தான், அதிலிருந்து 63 வடிவங்கள். பலகையும் ஊசியும் வைத்து எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். முதல் மாதம் தலை சுற்றும்.

செவித்திறன் பிரிவில் சைகை மொழி. நம் ஊர்களில் காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கேட்கும் திறனுள்ள பெற்றோர். அவர்களுக்குச் சைகை தெரியாது. பசி, தண்ணீர், வலி என்ற அளவில் வீட்டிலேயே உண்டாக்கிய சில குறிகளோடு ஆறு வயதில் பிள்ளை பள்ளிக்கு வரும். நீங்கள் தொடங்குவது பாடத்திலிருந்து அன்று, மொழியிலிருந்து. 'நேற்று', 'நாளை' என்ற எண்ணத்தையே கைகளால் கட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டுப் பிரிவுதான் என்னுடையது. இங்கே ஒரு செயலைக் கூறு கூறாகப் பிரிப்பதுதான் தொழிலே. சட்டை போடுவதை நாம் ஒரு வேலை என்று நினைக்கிறோம். பிரித்து எழுதிப் பாருங்கள், பன்னிரண்டு பதினைந்து படி வரும். சில பிள்ளைகளுக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். மற்றதெல்லாம் நாம் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையைப் போடவைப்பது. 'முடித்துவிட்டேன்' என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும், மறுநாள் கடைசி இரண்டு பொத்தான். பொறுமை எனக்கு ஜாஸ்தி என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இந்தப் பிரிவு நல்ல பரீட்சை.

கற்றல் குறைபாடு எடுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் புத்தகங்களில் பல, ஆங்கிலத்தில் b, d எழுத்துகள் குழம்புவதை வைத்து எழுதப்பட்டவை. தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது காதில் பிறகு கேட்கும் ஒலிக்குரிய குறி, தாளில் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் நிற்கிறது. தடுமாறும் பிள்ளைகள் இங்கேதான் அதிகம் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக ல-ள-ழ குழப்பும் எல்லாரையும் டிஸ்லெக்சியா (படிப்பதில், எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு) என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தக் கணக்கில் எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் தேறமாட்டோம்.

சேர்வதற்கு முன் ஒரு வாரம் ஏதாவது சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டுச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பக்கத்தில் எங்கே படிக்கலாம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம். மத்திய அரசுடையது, 2005-இல் தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் ஈ.சி.ஆர். பஸ் அதன் வழியாகத்தான் போகும். படிக்கிற இடத்திலேயே குழந்தைகளும் சிகிச்சைப் பிரிவுகளும் இருப்பது பெரிய வசதி.

தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் கல்வியியல் துறை வைத்திருக்கின்றன. வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஆனால் அது பொதுத் தொடக்கக் கல்விக்கானது. இதில் எதுவானாலும், நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் விரும்பும் பிரிவு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

'எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது' என்று கல்லூரியில் சொல்கிறார்கள். போதாதா?

போதாது. என் கதையைச் சொல்கிறேன். நான் முதலில் பணம் கட்டிய ஒரு கல்லூரியில் சுவரில் பெரிய சட்டத்துக்குள் அங்கீகாரக் கடிதம் மாட்டியிருந்தார்கள். கடிதம் உண்மைதான். ஆனால் தேதி முடிந்திருந்தது, அதுவும் வேறொரு பிரிவுக்கானது. நான் அரசு முத்திரையைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை. கட்டிய பணத்தில் பாதியைத் திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தேன், ஒரு கல்வியாண்டும் போனது.

ஆர்.சி.ஐ. ஒப்புதல் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் குறைபாட்டுப் பிரிவு, எத்தனை இடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கணக்குப் போட்டுத்தான் தருவார்கள். ஒரே கல்லூரியில் செவித்திறன் பிரிவுக்கு ஒப்புதல் இருந்து, ஆட்டிசத்துக்கு இல்லாமல் இருக்கலாம். பட்டியல் ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே இருக்கிறது. கல்லூரிக்காரர் தரும் ஜெராக்ஸை நம்பாமல் நீங்களே அதைத் திறந்து பாருங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் பணிக்கு 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டே குறைந்தபட்சத் தகுதி ஆகும் என்கிறது. அதனால் இரண்டாண்டுப் படிப்புகளின் நிலை மாறிக்கொண்டிருக்கிறது. போன வருடம் சேர்ந்த அத்தை பெண் சொன்னதை இந்த வருடத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலிருந்தே தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் வீட்டிலிருந்தே முடியாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆர்.சி.ஐ. ஒப்புதலோடு ஸ்பெஷல் பி.எட். நடத்திவருகிறது. நேரடி வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் கட்டாயம். 'வருகை இல்லாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் எதுவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

பட்டம் வந்துவிட்டது. உடனே வேலை செய்யலாமா?

அடுத்த கவுண்டர், பதிவு. டாக்டர் மெடிக்கல் கவுன்சிலில் பதிவது போல, நாம் ஆர்.சி.ஐ. வைத்திருக்கும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பதிவு எண் இல்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. தெருவுக்கு ஒரு 'தெரபி சென்டர்' முளைக்கிற இந்தக் காலத்தில் அந்தப் பிரிவை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது என் வருத்தம். பெற்றோர்களுக்கும் சொல்கிறேன், குழந்தையைச் சேர்க்கும் முன் அங்கே இருப்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் விடாதீர்கள்.

பதிவு ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் என்றில்லை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.சி.ஐ. ஏற்கும் தொடர்கல்விப் பயிலரங்குகளில் கலந்து புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். கடைசி ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைவதைவிட, வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று போய்வருவது நல்லது.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா?

அரசுப் பள்ளி ஆசிரியர் பணி என்றால் எழுதி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 2010 ஆகஸ்டில் என்.சி.டி.இ. வெளியிட்ட அறிவிப்பு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராகத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. சிறப்புக் கல்விப் பட்டயம் படித்தவர்களையும் ஸ்பெஷல் பி.எட். படித்தவர்களையும் அந்த அறிவிப்பே தகுதியுள்ளோர் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012-இல் நடந்தது. தாள் ஒன்று, ஒன்று முதல் ஐந்து வரை. தாள் இரண்டு, ஆறு முதல் எட்டு வரை. ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தளர்வு எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். முன்பு சான்றிதழுக்கு ஏழு ஆண்டு ஆயுள். 2021-இல் அதை ஆயுள் முழுவதும் செல்லும்படி மாற்றினார்கள், பழைய சான்றிதழ்களுக்கும் சேர்த்து.

மத்திய டெட் தனி. கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு அது. தமிழையும் மொழித்தாளாக எடுக்கலாம். கடலூர், புதுச்சேரி எல்லையில் இருப்பவர்கள் இரண்டையும் எழுதிப் போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பகுதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நம் ஆட்களுக்கு அந்த முப்பது மதிப்பெண் கைவந்தது. விழுவது கணக்கில்தான்.

இன்னொரு செய்தி, ஏற்கெனவே பணியில் இருக்கும் பொது ஆசிரியர்களுக்கு. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பி.எட். வைத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாமா?

பொது பி.எட்.டை வைத்து முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி, பி.எட். அதற்கு ஈடாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

நான் கடலூர். புதுச்சேரியில் வேலை பார்க்கலாமா?

ஆர்.சி.ஐ. பதிவு நாடு முழுக்கச் செல்லும். எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் செல்லாமல் போவதில்லை. தனியார் பள்ளிகளில் தடையே இல்லை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள், பள்ளியில் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்க வேண்டும் என்கின்றன. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன.

அரசுப் பணி வேறு கதை. புதுச்சேரி அரசு அறிவிப்புகளில் யூனியன் பிரதேசக் குடியிருப்புச் சான்று கேட்பது வழக்கம். 'பாகூரில் அத்தை வீடு இருக்கிறது' என்பது குடியிருப்பு ஆகாது. பாகூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: புதுச்சேரி அரசுப் பணி என்றால் காரைக்காலும் அதில் சேர்த்தி, மாஹேயும் ஏனாமும் சேர்த்தி. மாஹேயில் போஸ்டிங் வந்தால் பிள்ளைகள் மலையாளத்தில் பேசுவார்கள்.

வேலை உறுதிதானே அக்கா?

தேவை உறுதி. பணியிடம் மெதுவாக வருகிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. மறு ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையிலும் இது ஏறியது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது. நான்கு ஆண்டில் மறுபடி சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே நிலவரம் புரியும்.

இப்போதைக்கு எங்களில் பெரும்பாலோர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம். நிரந்தரம் கேட்டு ஆண்டுதோறும் மனு கொடுக்கிறோம். ஒரு வாரத்தில் பல பள்ளி, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி. காட்டுமன்னார்கோவில் பக்கம் மழைக்காலத்தில் சில வீடுகளுக்கு வண்டியைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு வரப்பில் நடந்துதான் போவோம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன், வராதீர்கள் என்று சொல்லவில்லை.

நான் சாதாரணப் பள்ளி டீச்சர். என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறான். லைசென்ஸ் இல்லாமல் நான் சொல்லித்தரலாமா?

தாராளமாக. அவன் உங்கள் மாணவன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லி, பள்ளி பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 'ஸ்பெஷல் டீச்சர் புதன்கிழமை வருவார், அவரிடம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று அவனை மற்ற நாளெல்லாம் ஜன்னலோரம் உட்காரவைப்பதுதான் தப்பு. சிகிச்சை, மதிப்பீடு, 'இவனுக்கு இன்ன குறை' என்று பெயர் வைப்பது ஆகியவற்றை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காகவே நான் இந்தப் படிப்பில் சேரலாமா?

என் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் அம்மாக்கள். செய்முறை வகுப்பில் அவர்கள் எங்களைவிடப் பத்து அடி முன்னால் இருந்தார்கள். ஆனால் பயிற்சிக்குப் போகும் இடத்தில் வேறொரு பிள்ளை நன்றாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு ஒருவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மகனுக்காக மட்டும் என்றால் குறுகிய காலப் பெற்றோர் பயிற்சி போதும். தொழிலாக எடுக்க எண்ணினால் சேருங்கள், பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள யார் என்று முடிவு செய்தபிறகு.

எந்தச் சான்றிதழ்களை எடுத்து வைக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் கடைசிப் பட்டம் வரை, சாதிச் சான்று, செய்முறைப் பயிற்சி முடித்த சான்று, ஆர்.சி.ஐ. பதிவுச் சான்று. எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், திருத்த மாதக்கணக்கில் ஆகும். அசல் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்க இடமில்லாமல் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.